சின்ன லேப்டாப், கனமான வேலை: கழற்றி மாட்டக்கூடிய மெஷின் இன்னும் கிடைக்கிறதா?

ஜூன் 3, 2025

14 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. இரண்டு மூன்று விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள், ஒரே நேரத்தில் ஓட வேண்டும். பக்கத்தில் போட்டோ வேலையும் நடக்கும். ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி, வைஃபை கார்டு நான்கையும் நானே கழற்றி மாட்ட முடிய வேண்டும். இப்படி ஒரு லேப்டாப்பை இன்னும் யாராவது செய்கிறார்களா?

மூன்று வாரமாகத் தேடுகிறேன். கைக்கு அடக்கமாக இருந்தால் ரேம் போர்டோடு சால்டர் ஆகியிருக்கிறது, அதாவது பற்றவைத்திருக்கிறார்கள், கழற்ற முடியாது. ரேமைச் செருகி எடுக்க ஸ்லாட் இருந்தால் 16 அங்குலம், இரண்டரைக் கிலோ, கூடவே செங்கல் மாதிரி ஒரு சார்ஜர்.

இப்போது கையில் இருப்பது 12.5 அங்குல திங்க்பேட் எக்ஸ்230. 2012 மாடல். 4 ஜிபி ரேமோடு வாங்கினேன், 16 ஆக்கினேன். சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். காலியாக இருந்த இன்னொரு ஸ்லாட்டில் எம்சாட்டா என்ற சின்ன வகை எஸ்எஸ்டியையும் செருகினேன். பேட்டரி இப்போது இருப்பது மூன்றாவது. 16 ஜிபிதான் அதன் உச்சவரம்பு, அதுதான் இடிக்கிறது. 2012-இல் முடிந்தது இன்று ஏன் முடியவில்லை?

ஜூன் 4

"32 ஜிபி சால்டர் மாடலை வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு" என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். நான் 2012-இல் வாங்கும்போது 4 ஜிபி போதும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அன்று அது உண்மையும்கூட. மூன்று வருடத்தில் போதாமல் போனது. ஸ்லாட் இருந்ததால் அந்த மெஷின் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஜூன் 5

இந்த மாற்றம் எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தேன். ஆப்பிள் 2012-இல் இரண்டு விதமான 13 அங்குல மேக்புக் ப்ரோவை விற்றது. பழைய வடிவத்தில் இரண்டு ரேம் ஸ்லாட் இருந்தது, ரெட்டினா திரை வைத்த புதியதில் ரேம் சால்டர். பழைய வடிவம் போனதும் அங்கே ஸ்லாட் கதை முடிந்தது. திங்க்பேட் எக்ஸ் வரிசையில் எக்ஸ்270 வரை ஒரு ஸ்லாட்டாவது இருந்தது. 2018-இல் வந்த எக்ஸ்280-இல் அதுவும் போய்விட்டது. விளையாட்டுக்கென்று வந்த 14 அங்குல மெஷின்களில் அசூஸ் ஜி14 நாலு வருடம் பாதி சால்டர், பாதி ஸ்லாட் என்று தாக்குப் பிடித்தது. 2024-இல் உடம்பை மெலிதாக்கி, முழுக்க சால்டருக்குப் போய்விட்டார்கள். ரேசர் பிளேடு 14 எதிர்ப்பக்கம் நடந்தது: 2023-இல் இரண்டு ஸ்லாட் வைத்தார்கள். சந்தோஷப்பட்டேன். 2025 மாடலில் மறுபடியும் சால்டர்.

ஆக, ஒரு மாடலின் பெயரை மட்டும் நம்பி வாங்க முடியாது. அதே பெயரில் எந்த வருடத்து மெஷின் என்று பார்த்தாக வேண்டும்.

ஜூன் 9

இது உபயோகமாக இருக்கும், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

விற்பனைப் பக்கத்தில் "32 ஜிபி ரேம்" என்று மட்டும்தான் போடுவார்கள். சால்டரா, ஸ்லாட்டா என்று சொல்ல மாட்டார்கள். விமர்சனம் எழுதுகிறவர்களில் பலர் பின் மூடியைத் திறப்பதே இல்லை. நான் இப்போது முதலில் தேடுவது சர்வீஸ் கையேட்டை. லெனோவோ, டெல், ஹெச்பி மூன்றுமே அதைப் பொதுவில் வைக்கிறார்கள், யாரும் இறக்கிப் படிக்கலாம். உள்ளே பாகங்களைக் கழற்றும் வரிசை இருக்கும். "மெமரி மாட்யூல்" என்று தனியாக ஒரு பகுதி இருந்தால் ஸ்லாட் உண்டு. அப்படி ஒன்று இல்லாமல், ரேம் அளவை மதர்போர்டின் பார்ட் நம்பரோடு சேர்த்தே பட்டியல் போட்டிருந்தால் சால்டர்தான். லெனோவோவின் ஸ்பெக் பக்கங்களில் இதை ஒரு வரியில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள்.

ரேமோடு நிறுத்த வேண்டாம். கீபோர்டைக் கழற்றும் பகுதியையும் பாருங்கள். தனிப் பாகமாக இருந்தால் நாலைந்து ஸ்க்ரூவில் வேலை முடியும். மேல்மூடியோடு சேர்த்து ஒரே பாகமாகக் காட்டியிருந்தால் ரிவெட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், ஒரு பட்டன் போனாலும் பாதி உடம்பை மாற்ற வேண்டும். சார்ஜிங் போர்ட் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். தினமும் இரண்டு முறை செருகி எடுக்கிற இடம், முதலில் ஆடத் தொடங்குவதும் அதுதான். தனிச் சின்ன போர்டில் இருந்தால் நல்ல காலம்.

இந்த வாரம் இப்படி 11 கையேடுகளைப் படித்தேன். நான் கேட்ட அளவில், எடையில், இரண்டு ரேம் ஸ்லாட்டோடு தேறியவை மூன்று.

ஜூன் 10

மூன்று இல்லை, இரண்டு. ஒன்றில் ஒரு ஸ்லாட்தான், நான் படத்தைத் தவறாகப் படித்துவிட்டேன்.

ஜூன் 18

ஸ்லாட்டை எடுத்ததற்கு மெலிவு காரணம் என்று சொல்வதை நான் நம்பவில்லை. ரேம் மாட்யூலின் நீளம் ஏழு சென்டிமீட்டர், அகலம் மூன்று. அவ்வளவுதான். மில்லிமீட்டர் கணக்கில் மெலிதாக்கி யாருக்கு என்ன லாபம்? இரண்டு வருடத்தில் ரேம் போதவில்லை என்றால் முழு மெஷினையும் மாற்ற வைப்பதற்காகத்தான் செய்கிறார்கள். கடையில் ஒரு மாட்யூலுக்கு ஆகும் செலவைவிட, வாங்கும்போதே அதே அளவைக் கூட்டிக் கேட்டால் பல மடங்கு வாங்குகிறார்கள். இதற்கு மெலிவு என்று பெயர் வைக்க வேண்டாம்.

ஜூன் 29

ஜூன் 18-இல் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். கூடுதல் ரேமுக்கு அதிகம் வாங்குவதைப் பற்றி எழுதியது அப்படியே நிற்கட்டும். ஆனால் மெலிவு மட்டும்தான் அவர்கள் சொல்லும் காரணம் என்று நினைத்துக்கொண்டு திட்டியிருக்கிறேன். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

சால்டர் செய்வது பெரும்பாலும் எல்பிடிடிஆர், அதாவது குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகை ரேம், ஸ்லாட்டில் போடுவது சாதாரண டிடிஆர். இரண்டும் வேறு வேறு சிப். டிடிஆர்5 1.1 வோல்ட்டில் ஓடுகிறது. எல்பிடிடிஆர்5-இன் டேட்டா கோடுகள் 0.5 வோல்ட்டில் ஓடுகின்றன. அவ்வளவு குறைந்த மின்னழுத்தத்தில் அவ்வளவு வேகமாகப் பேச வேண்டுமென்றால் சிப் பிராசஸருக்கு ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். நீளமான பாதை, நடுவில் ஒரு ஸ்லாட், அதன் ஊசிகள் என்று வந்தால் சிக்னல் கெட்டுவிடும். லேப்டாப்பை மூடித் தூங்க வைத்தால் பேட்டரி மெதுவாகக் குறைவதற்கும் இந்த ரேம் ஒரு காரணம்.

அப்புறம் வேகம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சின்ன மெஷினில் கிராபிக்ஸும் இதே ரேமைத்தான் பிடித்துத் தொங்குகிறது. பரவலாகக் கிடைக்கும் டிடிஆர்5-5600 மாட்யூல் இரண்டு போட்டால் நொடிக்கு 89.6 ஜிபி. எல்பிடிடிஆர்5எக்ஸ்-7500 என்றால் 120 ஜிபி. ஒரே ஒரு மாட்யூலோடு ஓட்டினால் 44.8தான். விளையாட்டு, வீடியோ, போட்டோ எல்லாவற்றிலும் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

திறந்து மாற்றுவதையே கொள்கையாக வைத்திருக்கும் ஃபிரேம்வொர்க் நிறுவனம்கூட இந்த வருடம் அறிவித்த டெஸ்க்டாப்பில் ரேமை சால்டர்தான் செய்திருக்கிறது. அதில் இருக்கும் ஏஎம்டியின் பெரிய சிப்புக்குக் கழற்றும் ரேம் வைக்க முயன்று, சிக்னல் தாங்காததால் விட்டுவிட்டோம் என்றார்கள். டெஸ்க்டாப்பில் மெலிவு ஒரு பிரச்சினையே இல்லை. இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இன்டெல் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. 2024-இல் வந்த கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் பிராசஸர் பொதியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. 16 அல்லது 32, வேறு பேச்சே இல்லை. பேட்டரி நன்றாக நிற்கிறது, அதை மறுக்க மாட்டேன்.

ஜூலை 6

வழி இருக்கிறது! எல்பிகேம்2. எல்பிடிடிஆர் சிப்புகளைத் தட்டையான ஒரு சின்னப் பலகையில் வைத்து, பிராசஸருக்குப் பக்கத்தில் ஸ்க்ரூ போட்டு அழுத்திவிடுகிறார்கள். செருகுவதற்குப் பதில் அழுத்துவது, அதனால் பாதை குட்டையாகிறது. ஒரே மாட்யூலில் இரண்டு சேனலும், அதாவது ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவே டேட்டா போகும் இரண்டு பாதையும், வந்துவிடும். டெல் 2022-இல் பெரிய பிரிசிஷன் மெஷின்களில் கேம் என்று இதற்கு முன்னோடி ஒன்றைக் கொண்டுவந்தது. 2023 டிசம்பரில் ரேம் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு கேம்2-ஐப் பொதுத் தரமாகவே வெளியிட்டது. 2024-இல் திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறையில் எல்பிகேம்2 வந்தேவிட்டது. வேகம், மின்சேமிப்பு, கழற்றி மாட்டுவது எல்லாம் ஒன்றாக. பொறுத்திருந்து இதை வாங்குவதுதான் சரி என்று தோன்றுகிறது.

ஜூலை 7

பி1 16 அங்குலம். நான் கேட்ட அளவு இல்லை. 14 அங்குலத்துக்குள் தேடினால் எனக்கு வாங்கும்படி ஒன்றும் சிக்கவில்லை. நேற்று உற்சாகத்தில் எழுதிவிட்டேன். தொழில்நுட்பத்தின் மேல் இருக்கும் நம்பிக்கை மாறவில்லை, ஆனால் என் எக்ஸ்230 இந்த வருடத்தைத் தாண்டாது.

ஜூலை 20

பாதி சால்டர், பாதி ஸ்லாட் உள்ள மாடல்களைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஒதுக்க வேண்டியதில்லை, ஒரு கணக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். போர்டில் 8 ஜிபி இருந்து, ஸ்லாட்டில் 32 போட்டால் மொத்தம் 40 கிடைக்கும். ஆனால் 8-க்கு 8 சேர்ந்த முதல் 16 ஜிபிதான் இரட்டைச் சேனலில் ஓடும். மீதி 24 ஒற்றைச் சேனலில், பாதி வேகத்தில். போர்டில் 16 இருக்கும் மாடலாகப் பார்த்து வாங்கி, பிறகு இன்னொரு 16 போடுவது நல்லது. 8 உள்ளதை வாங்கிவிட்டு "ஸ்லாட் இருக்கிறதே" என்று ஆறுதல் அடைய வேண்டாம். அந்த 8 சாகும்வரை கூடவே வரும்.

ஆகஸ்ட் 2

நான் இதுவரை பேசாத ஒன்று, சூடு. சின்ன மெஷினில் "பவர்ஃபுல்" என்ற சொல்லுக்கு பிராசஸர் பெயரைவிட இதுதான் அர்த்தம் தருகிறது.

ஒரே பிராசஸரை இரண்டு லேப்டாப்பில் போட்டால் ஒரே வேகம் வராது. உதாரணத்துக்கு, இன்டெல்லின் ஐ7-1165ஜி7. அதை 12 வாட்டிலிருந்து 28 வாட் வரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி வைக்க லேப்டாப் செய்கிறவருக்கு உரிமை உண்டு. பெட்டியின் மேல் ஒட்டும் பெயர் ஒன்றேதான். 12 வாட்டில் நிறுத்தியது மெலிதாக, சத்தமில்லாமல் இருக்கும். 28 வாட்டில் விட்டதுதான் வேலையை முடிக்கும்.

போன மாதம் இரவல் வாங்கிய ஒரு மெல்லிய 13 அங்குல மெஷினில் 400 போட்டோக்களை ஏற்றுமதி செய்து பார்த்தேன். முதல் இரண்டு நிமிடம் பறந்தது. அப்புறம் கீபோர்டின் மேல்வரிசை, எஃப்5 முதல் எஃப்8 வரை, விரல் வைக்க முடியாத அளவுக்குச் சூடானது. பிராசஸரின் வேகம் பாதிக்கும் கீழே இறங்கி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஃபேன் மட்டும் கடைசிவரை கத்தியது. அந்த வாரம் அதைப் புகழ்ந்த விமர்சனங்கள் எல்லாம் ஐந்து நிமிடச் சோதனையை வைத்து எழுதியவை.

பின் மூடி திறந்த படத்தில் இதையும் பாருங்கள்: எத்தனை ஹீட் பைப் (சூட்டைக் கடத்தும் குழாய்), எத்தனை ஃபேன், காற்று எங்கிருந்து உள்ளே வந்து எங்கே வெளியே போகிறது. திரையின் கீல் பக்கமாக மட்டும் காற்றை விடுகிற மெஷின் சூட்டைத் திரைமேலேயே ஊதும். ரேமை பிறகு கூட்டலாம், எஸ்எஸ்டியை மாற்றலாம். ஹீட் பைப்பை யாரும் பிறகு கூட்ட முடியாது.

இதை எழுதும்போதுதான் தேடும் வரிசையே எனக்குத் தலைகீழாக மாறுகிறது. பிறகு மாற்ற முடியாதவற்றை, அதாவது குளிரூட்டல், கீபோர்டு, திரை, உடம்பின் உறுதி ஆகியவற்றை வாங்கும்போதே பார்த்து வாங்க வேண்டும். மாற்ற முடிந்தவற்றை இருப்பதிலேயே குறைந்ததாக எடுத்துக்கொண்டு, காசு வரும்போது கூட்டிக்கொள்ளலாம். இவ்வளவு நாள் ஸ்பெக் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 3

திரையை மாற்றலாமே என்று ஒருவர் கேட்கிறார். முடியும், ஆனால் கேபிளைப் பாருங்கள். சாதாரண முழு எச்டி திரைகளுக்கு 30 ஊசி கனெக்டர் வருகிறது. அதிகத் தெளிவு, அதிக ரிஃப்ரெஷ் ரேட், டச் என்று போனால் பெரும்பாலும் 40 ஊசி. அப்போது கேபிளையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

ஆகஸ்ட் 11

ஃபிரேம்வொர்க் 13-ஐ ஏன் நேராக வாங்கவில்லை என்று தொடர்ந்து கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நான் கேட்ட எல்லாம் அதில் இருக்கிறது. 2021-இல் வந்தபோது இருந்த அதே உடம்பு: 13.5 அங்குலம், 1.3 கிலோ, அடியில் ஐந்து ஸ்க்ரூ. ஸ்க்ரூவைத் தளர்த்தினால் அது வெளியே விழாமல் மூடியிலேயே நிற்கும். ஸ்க்ரூடிரைவரும் பெட்டியிலேயே வருகிறது. நண்பர் ஒருவருடையதைத் திறந்து பார்த்தேன், கீபோர்டு பகுதி காந்தத்தில் பிடித்திருக்கிறது, கையோடு தூக்கினால் வந்துவிடுகிறது. உள்ளே ஒவ்வொரு பாகத்தின் மேலும் பெயரும் க்யூஆர் கோடும் அச்சிட்டிருக்கிறார்கள். திரையின் அகலமும் உயரமும் 3:2 விகிதம், எழுதுகிறவருக்கும் புரோகிராம் அடிக்கிறவருக்கும் அது பெரிய வசதி.

எனக்கு அதில் பிடித்த பெரிய விஷயம் மதர்போர்டு. 2021 உடம்பில் 2025-இன் ரைசன் ஏஐ 300 போர்டை மாட்டலாம். 13 அங்குல லேப்டாப்பில் இதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: 11, 12, 13-ஆம் தலைமுறை இன்டெல் போர்டுகள் டிடிஆர்4 ரேம் கேட்கும், ஏஎம்டி போர்டுகளும் கோர் அல்ட்ரா போர்டும் டிடிஆர்5. பழைய ரேமை அப்படியே எடுத்துப் போட முடியாது.

அவர்கள் எல்லா நாட்டுக்கும் நேரடியாக விற்பதில்லை. என்னைத் தடுப்பது அது ஒன்றுதான். பாகம் கிடைக்கும் என்பதற்காகவே வாங்குகிற மெஷினுக்குப் பாகத்தை வரவழைப்பது சிரமம் என்றால் மனம் ஒப்பவில்லை. நேரடியாகக் கிடைக்கும் இடத்தில் இருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

புதிய ஃபிரேம்வொர்க் 12 பற்றியும் கேட்டார்கள். 12.2 அங்குலம், ஒரே ரேம் ஸ்லாட். படிக்கிற பிள்ளைகளுக்கு அருமையானது, கனமான வேலைக்கு அதன் பிராசஸர் போதாது.

ஆகஸ்ட் 24

கொஞ்சம் விலகிப் போகிறேன். இன்று முழுவதும் பழைய மெஷின்களைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன்.

2013-இல் வந்த திங்க்பேட் டி440பி 14 அங்குல மெஷினில் பிராசஸரே சாக்கெட்டில் இருந்தது. ஒரு ஸ்க்ரூவைத் திருப்பிவிட்டு, எடுத்து வேறு போடலாம். அடுத்த தலைமுறையிலிருந்து இன்டெல் லேப்டாப் பிராசஸரைச் சாக்கெட்டில் தருவதையே நிறுத்திவிட்டது. சீனாவில் 51என்பி என்ற ஆர்வலர் கூட்டம் ஒன்று, பழைய எக்ஸ்60, எக்ஸ்61 உடம்புக்குப் பொருந்தும் புது மதர்போர்டைத் தாங்களே வடிவமைத்து எக்ஸ்62 என்று கொண்டுவந்தது. பிறகு எக்ஸ்200, எக்ஸ்201 உடம்புக்கு எட்டாம் தலைமுறை இன்டெல்லோடு எக்ஸ்210. ஒரு கீபோர்டின் மேல் இருந்த பிரியத்துக்காக ஒரு மதர்போர்டையே செய்திருக்கிறார்கள். அந்த ஏழு வரிசைக் கீபோர்டில் தட்டச்சு செய்தவர்களுக்கு இது புரியும்.

டி480-ஐ இன்னும் பலர் விடாமல் வைத்திருக்கிறார்கள். உள்ளே 24 வாட்ஹவர் பேட்டரி ஒன்று, வெளியே கழற்றக்கூடியது ஒன்று. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியில் இருப்பதைக் கழற்றி இன்னொன்றை மாட்டலாம். நீண்ட ரயில் பயணத்தில் இதன் அருமை தெரியும்.

செப்டம்பர் 5

வாங்கும் முன் தெரிந்துகொள்ளட்டும் என்று, நான் பட்ட இரண்டை எழுதுகிறேன்.

ஒன்று, எஸ்எஸ்டியின் தடிமன். எம்.2 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். நீளம் பொருந்தினால் போதும் என்று நினைத்தேன். பெரிய கொள்ளளவு உள்ள சில டிரைவ்களில் பலகையின் இரண்டு பக்கமும் சிப் இருக்கும். அதன் மேல் ஒரு ஹீட் சிங்க்கையும் ஒட்டி, மெல்லிய மெஷினில் மாட்டினேன். மூடி மூடியது. மறுநாள் மேஜையில் வைத்தபோது மெஷின் ஆடியது. பின் மூடி நடுவில் மயிரிழை அளவுக்குப் புடைத்திருந்தது. சின்ன மெஷினுக்கு ஒரு பக்கம் மட்டும் சிப் உள்ள டிரைவ்தான். சில மெஷின்களில் 2230தான் பொருந்தும், அதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, வைஃபை கார்டு. நண்பரின் ஏஎம்டி லேப்டாப்புக்கு இன்டெல் ஏஎக்ஸ்211 வாங்கிக் கொடுத்தேன். ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது, ஆனால் மெஷினுக்கு அது இருப்பதே தெரியவில்லை. இரண்டு மணி நேரம் டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டோம். ஏஎக்ஸ்211-இல் வைஃபையின் ஒரு பாதிதான் இருக்கிறது, மறுபாதி இன்டெல் பிராசஸர் பக்கம் இருக்கிறது. ஏஎம்டி மெஷினிலும் ஓடுவது ஏஎக்ஸ்210. ஒரு எண்தான் வித்தியாசம்.

செப்டம்பர் 21

வாங்கிவிட்டேன். நிறுவனங்களுக்கென்று செய்யும் வரிசையில் ஒன்று, 14 அங்குலம், 1.4 கிலோ, ஏஎம்டி பிராசஸர், இரண்டு டிடிஆர்5 ஸ்லாட். ஒரே ஒரு 16 ஜிபி மாட்யூலும் இருப்பதிலேயே சின்ன எஸ்எஸ்டியும் உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். 32 ஜிபி மாட்யூல் இரண்டைத் தனியாக வாங்கினேன்.

இன்று காலை மாட்டினேன். ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, பழைய கிதார் மீட்டியால் மூடியின் விளிம்பை வருடிக்கொண்டே போனேன். கீல் பக்கத்துக் கொக்கிகள்தான் கடைசிவரை பிடிவாதம் பிடித்தன. முதலில் பேட்டரி கனெக்டரைப் பிடுங்கினேன். பிறகு ரேமின் இரண்டு பக்கத்துக் கம்பிகளை விலக்க, மாட்யூல் தானாகத் துள்ளிச் சாய்வாக நின்றது. புதியதை அதே சாய்வில் தங்க ஊசிகள் மறையும்வரை உள்ளே தள்ளி, கீழே அழுத்தினால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் "டக்" என்று பிடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு வருடக்கணக்காகிறது.

மூடிவிட்டு ஆன் செய்தேன். திரை கறுப்பு. ஃபேன் சுற்றியது, பவர் விளக்கு எரிந்தது, வேறு ஒன்றும் இல்லை. ஒரு நிமிடம் பொறுத்தேன். அணைத்து, திறந்து, இரண்டையும் எடுத்து மறுபடி மாட்டினேன். மறுபடியும் கறுப்பு. ஒரு மாட்யூலை மட்டும் வைத்தேன், அதே கதை. மாட்யூல் கெட்டது என்று முடிவு செய்து, திருப்பி அனுப்பப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது, மேஜையில் விட்டிருந்த மெஷின் தானாக ஒளிர்ந்தது. டிடிஆர்5 புதிதாகப் போட்டால் முதல் முறை பிராசஸர் ரேமுக்குப் போகும் ஒவ்வொரு டேட்டா பாதையையும் சோதித்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். ஒவ்வொரு முறையும் நான் நடுவில் அணைத்து அதை முதலிலிருந்து தொடங்க வைத்திருக்கிறேன். இரண்டாவது மாட்யூலையும் மாட்டி, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். 64 ஜிபி காட்டியது.

அக்டோபர் 19

ஒரு மாதக் கணக்கு. மூன்று விர்ச்சுவல் மெஷின் ஓடும்போதே போட்டோ வேலையும் நடக்கிறது, ரேம் 40-ஐத் தாண்டவில்லை. நீண்ட ஏற்றுமதியில் வேகம் குறைகிறது, ஆனால் சரிவதில்லை. ஃபேன் சத்தம் எக்ஸ்230-ஐவிடக் கூர்மை, பழகிவிட்டது. மூடி வைத்தால் இரவில் பேட்டரி குறைவது சால்டர் ரேம் மெஷினைவிட அதிகம். இது தெரிந்தே ஒப்புக்கொண்டது. ரேமில் இருப்பதை எஸ்எஸ்டியில் எழுதிவிட்டு முழுதாக அணையும் ஹைபர்நேட்டுக்கு மாற்றிவிட்டேன்.

வெளி கிராபிக்ஸ் கார்டு பற்றிக் கேட்டவருக்கு: தண்டர்போல்ட் 4 போர்ட்டில் நொடிக்கு 40 கிகாபிட் என்று போட்டிருந்தாலும் கார்டுக்குப் போவது அதிகபட்சம் 32தான். ஆக்யூலிங்க் என்ற வேறு வகைப் போர்ட் உள்ள மெஷினில் 64 கிடைக்கும், ஆனால் செருகவும் கழற்றவும் மெஷினை அணைக்க வேண்டும். தினமும் ஒரே மேஜைக்குத் திரும்புகிறவருக்கு நல்ல ஏற்பாடு. எனக்கு மேஜை நிலையாக இல்லை.

நவம்பர் 8

அக்கா தன் மெல்லிய லேப்டாப்பில் டச்பேட் அழுந்தவில்லை என்று கொடுத்தார். தொட்டுப் பார்த்தால் ஒரு மூலை உயர்ந்திருந்தது. திறந்தேன். கீழே பேட்டரி தலையணை மாதிரி உப்பி டச்பேடை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. பசை போட்டு ஒட்டிய பேட்டரி. உப்பியதை நெம்பி எடுக்க எனக்குத் தைரியம் இல்லை, எடுக்கவும் கூடாது, குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். சார்ஜரைக் கழற்றச் சொல்லி, சர்வீஸில் கொடுத்தோம்.

இத்தனை மாதம் ரேம், ரேம் என்றே எழுதிக்கொண்டிருந்தேன். ஜூன் 3 பட்டியலில் பேட்டரியை மூன்றாவதாகப் போட்டிருக்கிறேன். அதை முதலில் போட்டிருக்க வேண்டும். ரேம் போதாவிட்டால் மெஷின் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். பேட்டரி கண்டிப்பாகத் தேயும், எந்த மெஷினாக இருந்தாலும். அது ஸ்க்ரூவில் நிற்கிறதா பசையில் நிற்கிறதா என்பதைத்தான் இனி கையேட்டில் முதலில் தேடுவேன்.

டிசம்பர் 14

ரேம் விலை எல்லா இடத்திலும் தாறுமாறாக ஏறிக்கிடக்கிறது. சிப்புகள் எல்லாம் ஏஐ டேட்டா சென்டர்கள் பக்கம் போகின்றன. க்ரூஷியல் பெயரில் நம் போன்றவர்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக ரேம் சிப் செய்யும் மைக்ரான் இந்த மாதம் அறிவித்துவிட்டது. "பிறகு கூட்டிக்கொள்ளலாம்" என்று நான் ஆகஸ்ட் 2-இல் எழுதியதை நம்பி 8 ஜிபியில் வாங்கியவர்கள் இருந்தால், மன்னிக்கவும். அந்தப் "பிறகு" எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை.

ஸ்லாட் இருப்பதால் ஒரு நன்மை இப்போதும் உண்டு. என் மெஷினோடு வந்த 16 ஜிபி மாட்யூல் செப்டம்பரிலிருந்து மேஜை டிராயரில் சும்மா கிடந்தது. வைஃபை கார்டு விஷயத்தில் என்னால் அவதிப்பட்ட நண்பருக்கு போர்டில் 8, பக்கத்தில் காலியாக ஒரு டிடிஆர்5 ஸ்லாட். நேற்று எடுத்துப் போய் மாட்டிக்கொடுத்தேன். ஆன் செய்ததும் திரை கறுப்பு. அவர் கை பவர் பட்டனை நோக்கிப் போனது. பிடித்து நிறுத்தினேன். நான்கு நிமிடம் கழித்து 24 காட்டியது.